கருகிய அரிச்சுவடித் தாள்

2025 மார்ச் 12, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆமத்தூர் அருகே வெடித்துச் சிதறிய பட்டாசு ஆலை குறித்த விசாரணைக்கு, அச்சகத்தில் பிழை திருத்துபவள் என்ற முறையில் என்னை அழைத்திருந்தார்கள்.

மேசையில், ஆலை இடிபாட்டிலிருந்து எடுத்த, ஓரம் கருகிய தாள் ஒன்று கிடந்தது. 'கே' எழுத்துக்கு, அந்த எழுத்து ஒலிக்கவே ஒலிக்காத 'நைஃப்' என்று குழந்தைகளை வேண்டுமென்றே குழப்பிச் சிரிக்கவைக்கும் ஆங்கில அரிச்சுவடி அது. எங்கள் அச்சகத்தில் அச்சானது.

"ஆலைக்குள்ள பிள்ளைகளே வரலைங்க. வெடி சுருட்ட எடைக்கு வாங்கின கழிவுத் தாளு இது," என்றார் ஆலை முதலாளி சபரிநாதன்.

"பொய்யிங்கய்யா!" என்று ஆலைத் தொழிலாளி அய்யம்மாள் கதறினாள். "எம்மக எழில் உள்ளதான் உக்காந்து இதப் படிச்சிட்டிருந்தா. தண்ணி எடுக்க வெளிய வந்த நான் பொழச்சிட்டேன். செத்தவுக எட்டுப் பேர் பட்டியல்ல அவ பேரே இல்லய்யா!"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "கழிவுத் தாளாம்மா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"இல்லை. கழிவ நாங்க வெட்டாம முழுத் தாளாத்தான் விப்போம். இது அளவா வெட்டி, கம்பிப் பின்னு அடிச்சுக் கட்டினது. மடிப்புல அந்தப் பின்னோட ரெண்டு துளையும் இருக்கு. பிள்ளை கையில இருந்த புத்தகம்தான்."

சபரிநாதன் எழுந்தான்.

"பெத்த மகனையே ஜெயிலுக்கு அனுப்புறீகளேம்மா!"

நான் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன். ஒன்பதாவது பெயராக எழிலைச் சேர்ப்பதென்றும், என் மகனைக் கைது செய்வதென்றும் முடிவாயிற்று.