அவள் கோவித்துக்கொள்ள மாட்டாள்

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, எங்கள் டாஸ்மேனியாவில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

பத்திரிகைக்கான மரண அறிவிப்பை, அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதி வாசித்தார் ஆல்வின். "இகலோக யாத்திரையைப் பூர்த்திசெய்து, நித்திய இளைப்பாறுதலில் பிரவேசித்தார்..."

"கப்பல் ஏறியா போனா? 'செத்துப்போனாள்'னு எழுதுங்க," என்றாள் மனைவி கோரல்.

"மரியாதையா இருக்காதே!"

"அவ கோவிச்சுக்க மாட்டா. அடுத்து?"

"'சிற்றுண்டி நல்கி ஆராதனையைச் சிறப்பிக்க...'"

"'ஆளுக்கொரு தட்டு கேக் கொண்டுவாங்க.' அப்புறம்?"

"'ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்திருக்கும் கணவர்...'" ஆல்வினின் குரல் உடைந்தது.

"'அவருக்குச் சமைக்கத் தெரியாது, அடிக்கடி எட்டிப் பாருங்க'ன்னு போடுங்க."

பேனாவை வாங்கி, மேலே தன் பெயரைத் தெளிவாக எழுதினாள் கோரல். "டாக்டர் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் சொல்லியிருக்கார். தேதியை மட்டும் அப்புறம் நீங்க போட்டுக்கோங்க."

உங்கள் வீட்டில் எல்லோரும் மனசுவிட்டுப் பேசிக்கொண்டு நெடுநாள் நன்றாயிருங்கள்.