ஆறு மணிக்கு எங்கே?

"அந்தப் பொண்ணுக்கு நடந்தது நிஜம். ஆனா பதற்றத்துல ஆளை மாத்தி உங்களைக் காட்டிட்டா. இது பலாத்கார வழக்கு, கொத்தனாரே. அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார் அவருக்காக வாதாடும் வக்கீலம்மா.

கொத்தனார் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஜெயிலுக்கே போறேன். இவ முன்னாடி மட்டும் கேக்காதீங்க."

பக்கத்தில் இருந்த மனைவி, தானே போய் வாங்கி வந்திருந்த ஒரு தாளை மேசையில் வைத்தாள். முதியோர் எழுத்தறிவுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டு நகல். அன்றைய ஆறு மணி வகுப்புக்கு நேரே, கோணல்மாணலாக அவருடைய கையெழுத்து.

கொத்தனார் கூனிக்குறுகினார். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"கல்யாணமான வாரமே. தினமும் எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவீங்களே, அதுல ஒருநாள்கூட யாரும் சாகலை. அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."