ஜன்னலோரக் கட்டில்

"ஜன்னலோரக் கட்டில் மறுபடியும் மணி அடிக்குது, அக்கா. இனிமே என்னால ஆகாது. நாளையிலேர்ந்து நான் வரலை."

சுருட்டை என்று வார்டே கூப்பிடும் அந்த இளம் நர்ஸ் சுவரில் சாய்ந்தாள். கவச உடைக்குள் முதுகெல்லாம் வியர்வை. காலையிலிருந்து உட்காரவே இல்லை.

தலைமை நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். தொற்று பரவியதிலிருந்து பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள். இவளும் போனால் காய்ச்சல் வார்டை மூட வேண்டியதுதான்.

"அந்த மனுஷனுக்குக் காய்ச்சலே விட்டுப்போச்சு. ஆனா ஷிஃப்டுக்கு ஷிஃப்டு எங்கள்ல ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு உயிரை வாங்கறாரு."

"உன் மத்த கட்டிலை நான் பாத்துக்கறேன். போய் என்னன்னு கேளு. வேலையை விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

ஜன்னலோரக் கட்டில்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

"என்னய்யா செய்யுது?"

"நெஞ்சு படபடங்குது. நாடி பாரும்மா. அட, ஏன் நிக்கற? சீட்டு காலியாத்தானே இருக்கு!"

முறைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி சீராக ஓடியது. அவரோ தன் பழைய ரூட்டின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நாலாவது நிறுத்தம் வருவதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிட்டது.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "என்ன, தூக்கமா?"

"சத்தம் போடாதீங்க சார். நாடியை எண்ணிக்கிட்டு இருக்காங்க. கணக்கு தப்பிடும்."

சற்று நேரத்தில் அவள் திடுக்கிட்டு விழித்தாள். "எந்த ஸ்டாப்பு?"

"நீ இறங்கற இடம் இன்னும் வரலைம்மா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள். கால் வலி குறைந்திருந்தது.

மறுநாள் காலை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தது தலைமை நர்ஸ்தான்.

"சுருட்டை வந்துடுச்சா?" என்றார் கண்டக்டர்.

"முதல் ஆளா வந்துட்டா. தொல்லை ஒழிஞ்சதுன்னு உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருக்கா."

கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேங்க" என்றார் தலைமை நர்ஸ். "பொண்ணுங்க கொஞ்சம் உட்காரட்டும்னு கேட்டா, ஆபீஸ்ல ஆளில்லைங்கறாங்க. நோயாளி கூப்பிட்டா யார் தடுக்க முடியும்? அதான் உங்களை மணி அடிக்கச் சொன்னேன்."

"அதுக்கென்ன! பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட பொறுப்பை ஒப்படைச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

உள்ளே மணி அடித்தது. "இதோ வந்துட்டேன்... இவரும் ஆரம்பிச்சுட்டாரா!" என்று சுருட்டை அலுத்துக்கொள்வது வாசல் வரை கேட்டது.