மஞ்சள் தட்டில் ஒரு தங்க நிப்பு

சைரன் அலறியதும் எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் திருமலை மட்டும் மூடியைத் தேடினார்.

பேனா மூடியை.

ஒரு நிமிடம் முன்புதான் அந்தப் பழைய பேனாவின் தங்க நிப்பை உருப்பெருக்கி விளக்குக்கு அடியில் பிடித்து, ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் கங்கப்பனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து யார் அறைக்குள் வந்தாலும் இந்தக் காட்சி நடந்தது.

"நுனியில பாருங்க கங்கப்பா, குட்டியா ஒரு மணி தெரியுதா? பேனாவோட உயிரே அதுலதான் இருக்குது. தங்கம் சும்மா அழகுக்கு. பேப்பர்ல வழுக்கிட்டு ஓடறது அந்த மணிதான்."

"ஸ்டோர்ஸ்ல பால்பாயின்ட் பொட்டி பொட்டியா கெடக்குதுங்க சார். அதுலயும் மணிதான் ஓடுது. இதுக்குப் போயி பெங்களூர் வரைக்கும் எதுக்கு பஸ் ஏறினீங்க?"

திருமலை வாயைத் திறப்பதற்குள் சைரன் முந்திக்கொண்டது.

அவர் வாங்கிய முதல் பழைய பேனா அது. அவர் பிறப்பதற்கு முன்பே ஜெர்மனியில் செய்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்கினார். சப்ளையர் ஒருவர் கொடுத்த அன்பளிப்பு என்று வீட்டில் சொல்லிவைத்தார். லஞ்சம் என்றால் மனைவி அருணா மன்னித்துவிடுவாள். செலவு என்றால் மாட்டாள்.

அன்று மாலை மை நிரப்பி, வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் எல்லாமே கம்ப்யூட்டருக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. தன் பெயரை எழுதினார். அருணா பெயரை எழுதினார். அப்புறம் பஸ் போர்டுகளை எழுத ஆரம்பித்தார். பாகலூர், பேரிகை, தேன்கனிக்கோட்டை.

நிப்பு ஓடும் சத்தமே கேட்கவில்லை. தேன்கனிக்கோட்டை நீளமாக இருந்ததால் அதை இன்னொரு முறை எழுதினார்.

இன்று மூன்று மணிக்குத்தான் அரங்கேற்றம். புனேயிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரிகள் வருகிறார்கள். புதிய உதிரிபாகத்துக்கு ஒப்புதல். இந்தத் தொழிற்சாலையில் இன்னும் மையால் கையெழுத்துக் கேட்கும் ஒரே காகிதம் அதுதான்.

பையிலிருந்து எடுக்க வேண்டும். மூடியை மெதுவாகத் திருக வேண்டும். என்ன பேனா இது என்று அவர்கள் கேட்க வேண்டும். பதிலை ஆங்கிலத்தில் தயார் செய்து, குளியலறையில் சொல்லியும் பார்த்துவிட்டார்.

இப்போது மூடியைக் காணோம். மேசைமேல் வைத்தால் பேனா உருளும். நிப்பு தரையில் குத்தினால் கதை முடிந்தது.

ஆய்வுக்கு வரும் பாகங்களை வைக்கும் மஞ்சள் தட்டு பக்கத்தில் இருந்தது. உள்ளே மெத்தென்று பஞ்சு விரித்திருந்தது. பேனாவை அதில் படுக்க வைத்துவிட்டு ஓடினார்.

தீ எதுவும் இல்லை. ஒத்திகை.

கேட் அருகே எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். "நெஜமாவே பத்தியிருந்தா இந்நேரம் உங்களுக்கு மாலை வாங்கியிருப்போம் சார்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. வரிசை சிரித்தது.

உற்பத்தி நிற்கிறது என்று தொழிலாளர்களை உடனே உள்ளே அனுப்பிவிட்டார்கள். உயிரின் மதிப்பைப் பற்றிய உரையைக் கேட்க மேலாளர்களும் சூப்பர்வைசர்களும் மட்டும் வெயிலில் நிறுத்தப்பட்டார்கள்.

திருமலைக்கு உரை காதில் ஏறவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு கையையும் சந்தேகமாகப் பார்த்தார்.

முதல் ஆளாக உள்ளே போனவள் சம்பங்கி. மஞ்சள் தட்டு இருக்கும் ஆய்வு மேசை அவளுடையது.

திருமலை கழுத்தை நீட்டிப் பார்த்தார். போன வாரம்தான், உலோக விளிம்பில் பிசிறு நிற்கிறது என்று ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. பிசிறுகூடக் கண்ணுக்குத் தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் அவளைத்தான் காய்ச்சி எடுத்தார். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பழிவாங்க நினைத்தால் இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"பேனா எரிஞ்சிருக்காதுங்க சார்" என்று கங்கப்பன் காதோரம் சொன்னார். "பொய்த் தீதானே."

உரை முடிந்ததும் திருமலை ஓடினார். பணியிடத்தில் ஓடக்கூடாது என்று பின்னாலிருந்து மைக் அதட்டியது.

மஞ்சள் தட்டு காலி.

அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தார். தேறிய பாகங்களை வைக்கும் பச்சைத் தட்டில், நடுநாயகமாகப் பேனா கிடந்தது. மூடிகூடக் கிடைத்துவிட்டது, ஒழுங்காகப் போட்டிருந்தது. உடம்பெல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

சம்பங்கி அடுத்த பாகத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமலைக்கு வெட்கமாகிவிட்டது. யாரைப் போய்ச் சந்தேகப்பட்டோம்! பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இத்தனை வருட சர்வீஸில் அந்த மேசையில் அவர் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"தேங்க்ஸ்மா."

ஒரு வாரத்துக்கு அப்புறம் சம்பங்கி முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்லீங்க சார். நிப்பு நுனியில உருண்டையா ஒரு பிசிறு நின்னுட்டிருந்துச்சு, நீங்க வந்து திட்டறதுக்குள்ள அரம் போட்டு சுத்தமா எடுத்துட்டன்."