ஐந்தரை வரை

பலகையில் ‘மதே’ என்று எழுதி, அதன் கீழே ‘மதேனி’ என்று எழுதினார் மிசுகாமி.

முதலாவது ‘வரை’. இரண்டாவது ‘அதற்குள்’. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஜப்பானில் குப்பை கொட்ட முடியாது என்றார்.

மிசுகாமி எங்கள் பிரிவுத் தலைவர். இந்தோனேசியாவிலிருந்து புதிதாக வந்த மூன்று பொறியாளர்களுக்கு வாரம் ஒரு மாலை அவரே மொழி சொல்லித்தருகிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பலகை துடைக்க நான்.

எடுத்துக்காட்டும் கொடுத்தார். நம் அலுவலகம் ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை. மூவரும் பக்தியோடு திருப்பிச் சொன்னார்கள்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தக் கட்டடத்தில் ஒன்பது என்றால் அதற்கு முன்பே ஆள் நாற்காலியில் இருக்க வேண்டும். ஐந்தரை என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

ஆனால் என் மகள் சியோரியின் காப்பகத்தில் ஆறு வரை என்றால் ஆறு வரைதான். இன்னொரு முறை தாமதமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம் குனிந்து வணங்கியே சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் வேறு இடம் கிடைப்பதற்குள் அவள் பள்ளிக்கூடத்துக்கே போய்விடுவாள்.

ஐந்தரை ஆனது.

மூவரும் புத்தகத்தை மூடினார்கள். உங்களுக்கு முன்னால் கிளம்புவதற்கு மன்னிக்கவும் என்று முறைப்படி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. வாத்தியார் முகத்தில்தான் ஈயாடவில்லை.

நானும் பையை எடுத்தேன். மிசுகாமி என் பக்கம் திரும்பினார்.

“அவங்க வெளிநாட்டுக்காரங்க, தெரியாது. நீங்களுமா, செரிசாவா-சான்? ஹட்டோரி சார் இன்னும் கிளம்பலையே.”

ஹட்டோரி எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி. அவர் கிளம்பாமல் மிசுகாமி கிளம்ப மாட்டார். மிசுகாமி கிளம்பாமல் மற்ற யாரும் கிளம்பக் கூடாது. வேலை எப்போதோ முடிந்திருக்கும். பார்த்த ஃபைலையே மறுபடி மறுபடி திறந்து மூடிக்கொண்டிருப்போம். தன் மகன் பிறந்த அன்றுகூட மிசுகாமி இப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். அதைப் பெருமையாக வேறு சொல்வார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினேன். நாளைக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசப் போவதில்லை. போகட்டும்.

காப்பகத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது இன்னும் ஆறு ஆகவில்லை. ஆசிரியை என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

வாசற்படியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து ஒரு பொடியனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் குளிரில் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஹட்டோரி.

பேரனாம். இந்த மாதம் முழுக்க தினமும் இவர்தான் வந்து கூட்டிப்போகிறார் என்றாள் ஆசிரியை.

என்னைக் கண்டதும் எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் கோட்டு நாற்காலியில மாட்டியிருக்கு. அது அங்க இருக்கிற வரைக்கும் நானும் ஆபீஸ்லதான் இருக்கேன். சரியா?”