செய்தவர் தெரியவில்லை

"தம்பி, இந்தப் பானைக்குக் கீழே தப்பா எழுதியிருக்கீங்க."

கண்காட்சிப் பொறுப்பாளர் லுங்கெலோ திரும்பிப் பார்த்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தக் கலைக்கூடத்தில் சனிக்கிழமைக் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி நின்றிருந்தார். போர்வையில் சுற்றிய எதையோ, தூங்கும் குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்திருந்தார்.

"என்னம்மா தப்பு?"

அவர் தாடையை நீட்டி அட்டையைக் காட்டினார். 'சூலு இனப் பானை. செய்தவர் தெரியவில்லை.'

"ஏன் தெரியாம? ஜபிசிலே ஷெசி. துகேலா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. நல்லா உயிரோடதான் இருக்கா."

லுங்கெலோ நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கம்மா. நீங்க யாருன்னு..."

"துலிசிலே. முசிங்காவுல பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. போன வாரம் மக இங்க கூட்டிட்டு வந்தா. அன்னைக்கே பார்த்துட்டேன். வீட்டுக்குப் போயும் மனசு கேட்கலை. அதான் திரும்ப வந்தேன்."

"அம்மா, இது ரோட்டோரக் கடையில வாங்கினது. யார் செஞ்சதுன்னு வியாபாரிக்கே தெரியலை. நீங்க சொல்றதை மட்டும் வெச்சு மாத்த முடியாது. போன மாசம் ரெண்டு பேர் வந்து ஒரே கூடையை, 'எங்க அத்தை பின்னினது, எங்க அத்தை பின்னினது'ன்னு இங்கேயே சண்டை போட்டாங்க."

"அதுக்கு?"

"அதான் பொதுவா சூலுன்னு போட்டோம். அதுல தப்பு வராது பாருங்க."

"சூலுக்காரங்க ஒரு கோடிக்கு மேல இருக்கோம். எல்லாரும் சேர்ந்தா மண்ணு பிசைஞ்சோம்? எனக்கு ஒரு மூடி கூடப் பண்ண வராது."

லுங்கெலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துலிசிலே சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பெரிய ஓவியத்தைப் பார்த்தார்.

"அந்தப் படத்துக்குக் கீழே வரைஞ்சவர் பேரு இருக்கு. பொறந்த வருஷம் இருக்கு. அவரு சூலுவா, சோத்தோவா, எந்த இனம்னு ஒண்ணும் இல்லையே."

"அவர் ஒத்துக்கலைம்மா. 'ஆப்பிரிக்க ஓவியர்னு போடாதே, ஓவியர்னு போடு. இல்லைன்னா படத்தைக் குடு'ன்னு ஒத்தைக் கால்ல நின்னார். இந்தக் கண்காட்சியே அதைப் பத்தித்தான். வாசல்ல எழுதியிருக்கே."

"படிச்சேன். 'கலைஞரை இனத்துக்குள் அடைக்காதீர்.' நீங்க எழுதினதா?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கீங்க. சண்டை போடறதுக்கு அவருக்கு ஒரு பேரு இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை."

லுங்கெலோவும் ஒரு காலத்தில் வரைந்தவர்தான். வெளிநாட்டு மேடை ஒன்றில் அவர் பெயரையே சொல்லாமல், 'நம் ஆப்பிரிக்க நண்பர்' என்று அழைத்து மாலை விருந்து முழுக்க அப்படியே முடித்துவிட்டார்கள். அந்த ஊர்ச் சாப்பாட்டின் ருசி இன்னும் அவருக்குக் கசக்கும்.

"செவ்வாய்க்கிழமை இதெல்லாம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுது. கண்காட்சிப் புத்தகமும் அச்சுக்குப் போகுது. அப்புறம் நானே நினைச்சாலும் மாத்த முடியாது. கையில ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?"

துலிசிலே போர்வையைப் பிரித்தார்.

புகையில் கருக்கிய மண்பானை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைப் போலவே தோள் புடைத்து, வாய் குறுகி இருந்தது. மரு மருவான புள்ளிகள் வரிசையாக ஓடி, ஓரிடத்தில் ஆறு வளைவது போலச் சரிந்து ஏறின. உள்ளே புளித்த சோள பீரின் வாசனை.

லுங்கெலோ பெட்டியைத் திறந்து இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தார். மெல்லக் கவிழ்த்தார். இரண்டின் அடியிலும், ஒரே இடத்தில், கட்டைவிரல் அழுத்திய சின்னக் குழி.

"வேற யாராவது இதைப் பார்த்து அதே மாதிரி செஞ்சிருந்தா?"

"ஊர்ல செஞ்சு பார்த்தாங்க. வரலை. அந்தச் சரிவு அவ கைக்கு மட்டும்தான் வரும். எப்படின்னு கேட்டா சொல்ல மாட்டா. திமிர் பிடிச்சவ."

"அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"நான் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

அக்கா தங்கைக்குள் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது என்று லுங்கெலோ நினைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான். பேச்சுவார்த்தை இருக்காது, வெளியாள் ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் பொறுக்காது.

அவர் கணினியில் உட்கார்ந்து புது அட்டையை அடித்தார். துலிசிலே வாங்கி, உதடு அசைய வாசித்தார்.

"ஷெசியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

திருத்தி மறுபடி அச்செடுத்தார். 'ஜபிசிலே ஷெசி. புகையில் கருக்கிய மண்பானை.' பழைய அட்டையை உருவிவிட்டு அதைச் செருகினார். துலிசிலே இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

"தகவல் தந்தவர்னு புத்தகத்துல உங்க பேரையும் போடறேன்மா. என்ன உறவுன்னு போடறது? தங்கச்சிதானே?"

துலிசிலே தன் பானையை எடுத்து நிதானமாகப் போர்வையில் சுற்றினார்.

"உறவெல்லாம் ஒண்ணும் இல்லை தம்பி. இது என் கல்யாணத்துக்கு அவ செஞ்சு குடுத்த பானை. அப்புறம் ஒருநாள் பானையை எனக்கே விட்டுட்டு, மாப்பிள்ளையை மட்டும் கூட்டிட்டுப் போயிட்டா."