ஒரு கண்ணில் கண்ணீர்

சினிமாவில் காலமெல்லாம் கேமரா பிடித்த சேவியருக்கு ஒரு வீடியோ கேமுக்கு ஒளியமைக்கும் வேலை கிடைத்தது. அதில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து அழ வேண்டும். தன் மனைவி பிலோமினா, அவளுடைய அப்பா இறந்த செய்தி வந்த காலையில் அழுததை அவர் அப்படியே கொண்டுவந்தார். கன்னத்தில் சாய்வெயில், தாடையில் தயங்கி நிற்கும் ஒரு துளி. ஆபீஸே வாயடைத்துப்போனது. பெருமை தாங்காமல் பிலோமினாவை அழைத்துவந்து கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலால் கன்ட்ரோலரின் குமிழைத் தள்ளினாள். காட்சி அந்தப் பெண்ணைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் வந்து நின்றது. அங்கே கன்னம் பொம்மைபோல் வழவழவென்றிருந்தது. கண் காய்ந்திருந்தது.

“கேமராவுக்குத் தெரியாத பக்கத்த நாங்க செய்யறதில்ல பிலோ. சினிமாப் பழக்கம்,” என்றார் அவசரமாக.

“அன்னைக்கும் நீங்க வாசல்லயே நின்னுட்டீங்க,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பக்கத்துல வந்து உக்காருவீங்கன்னு பாத்தேன்.”

சேவியர் தலையைக் குனிந்துகொண்டார். கிட்டே போனால் தன் நிழல் அவள் முகத்தில் விழுந்துவிடுமே என்றுதான் அன்று நின்றிருந்தார்.